கண்ணாயிக்காக விட்ட உப்பு

கண்ணாயியின் தொண்டைக்கு நேர் நடுவில், நெல்லிக்காய் அளவில் ஓர் உருண்டை சின்ன வயதிலிருந்தே இருந்தது. வலி கிடையாது, அரிப்பு கிடையாது. ஆனால் அதில் ஒரு வேடிக்கை உண்டு. அவள் நாக்கை வெளியே நீட்டினால் அந்த உருண்டை மெல்ல மேலே ஏறும். நாக்கை உள்ளே இழுத்தால் இறங்கி வந்து பழைய இடத்தில் உட்காரும். செம்மநத்தத்துப் பள்ளிக்கூடத்தில் அவளோடு ஐந்தாவது வரை படித்த பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பொழுதுபோக்கு இல்லை. மத்தியானச் சோறு தின்று கை கழுவியதும் அவளைப் பலாமரத்தடியில் நிற்கவைத்து, ஏற்று ஏற்று என்று கத்துவார்கள். அவளும் கண்ணை மூடிக்கொண்டு காளியம்மாளைப் போல நாக்கை நீட்டுவாள். உருண்டை ஏறும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் உருண்டை கீழே வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவளுடைய அப்பா அவளை ஒரு வைகாசியில் தோளில் உட்காரவைத்து, மலை உச்சியில் இருக்கிற சேர்வராயன் குகைக்குத் தூக்கிப் போனார். பூசாரி அந்த உருண்டையில் திருநீறு பூசி, சாமி வைத்தது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். அதோடு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கல்யாணத்தின்போது மாப்பிள்ளை குழந்தைவேலும் கேட்கவில்லை. தாலிக்கயிற்றுக்கு மேலே அது ஒரு மணியைப் போல உட்கார்ந்திருந்தது.

இருபத்து நாலு வயதில் அவளுக்கு ஊர் பால்வாடியில் ஆயா வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட வேண்டும், மூக்கைத் துடைத்துவிட வேண்டும், பாயை விரித்துத் தூங்க வைக்க வேண்டும். முதல் வருஷம் சேர்ந்த பன்னிரண்டு பிள்ளைகளின் பெயரும் அவளுக்கு இன்றைக்கும் வரிசை தப்பாமல் வரும். அவர்களில் மலர் என்கிற ஒரு வாயாடி உண்டு. அம்மா விட்டுவிட்டுப் போனதும் ஊரே கேட்கிற மாதிரி அழுவாள். கண்ணாயி அடுப்பங்கரையில் தன் மடியில் அவளைப் போட்டுக்கொண்டே பருப்பைக் கடைவாள். மத்து சுற்றுகிற சத்தத்தில் அந்தப் பிள்ளை தூங்கிப் போகும். அந்தக் காலத்தை நினைத்தால் கண்ணாயிக்கு விறகுப் புகையும், பிள்ளைகளின் தலையில் தடவிய விளக்கெண்ணெய் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறும்.

அந்த வருஷம்தான் சுகாதார நர்சு ஒருத்தி வந்து உப்பைப் பற்றிச் சொன்னாள். மலை மண்ணில் அயோடின் என்கிற ஒரு சத்தை மழை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அது இல்லாவிட்டால் முன்கழுத்தில் கழலை வரும், வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு மூளை வளராது. பாக்கெட் உப்பில் அந்தச் சத்தைக் கலந்திருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் அதைத்தான் சாப்பிட வேண்டும். நர்சு சொன்னதைக் கேட்டபோது கண்ணாயியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அவளுடைய அம்மா சந்தையில் கல்லுப்பு வாங்கி வந்து, மண் போகட்டும் என்று மூன்று தண்ணீரில் அலசிக் காயவைத்துத்தான் பானையில் போடுவாள். அதனால்தான் தனக்கு இது வந்தது என்று அன்றைக்கே கண்ணாயி முடிவு செய்துவிட்டாள். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லவில்லை. அவளே நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் அவள் அந்த ஒரு காரியத்தைச் சாமி காரியம் போலச் செய்தாள். பால்வாடி முடிந்ததும் ஒவ்வொரு வீடாகப் போவாள். முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டுவாள். எங்கம்மா அலசின உப்புத் தின்னாங்க, எனக்கு இது வந்துச்சு, உங்க பிள்ளைக்கு வேண்டாமுங்க என்பாள். பாக்கெட் உப்பை அலசக் கூடாது, அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைக்கக் கூடாது, குழம்பை இறக்குகிறபோதுதான் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பாள். ஒரு சிறு குப்பியில் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். அதை உப்பில் ஒரு சொட்டு விட்டால், சத்துள்ள உப்பு நீலமாக மாறும். மாறாவிட்டால் அது வெறும் உப்பு. மழையில் நனைந்துகொண்டு, அட்டைக் கடி வாங்கிக்கொண்டு, காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற ஒற்றை வீடுகளுக்கும் அந்தக் குப்பியோடு போய் வந்தாள்.

மசியாமல் கடைசி வரை நின்றது கீழ்த்தெருக் குப்பாயி வீடுதான். குப்பாயிக்குச் சொந்தமாக மிளகுக் கொடியும் பலாவும் உண்டு. வாய் அதைவிடப் பெரிது. கண்ணாயிக்கு உப்புக்காரி என்று பேர் வைத்ததும் அவள்தான். அவள் வீட்டு உப்பில் கண்ணாயி மருந்தை விட்டாள். உப்பு வெள்ளையாகவே இருந்தது. தான் கொண்டுபோன பாக்கெட் உப்பில் விட்டாள். குபீரென்று நீலம் பரவியது.

"நீலமாவுதுன்னா நஞ்சுன்னு அர்த்தம் கண்ணு," என்றாள் குப்பாயி. "சிவனுக்குத் தொண்டை எதனால நீலமாச்சு?"

கண்ணாயி பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் பால்வாடியில் சோறு வடிக்கும்போதெல்லாம் அதே யோசனை. சாயங்காலம் நேராகக் குப்பாயி வீட்டுக்குப் போய் வாசலில் நின்றாள்.

"அந்த நஞ்சு தொண்டையில நின்னதாலதானுங்க அத்தை ஒலகம் பொழச்சுது," என்றாள்.

குப்பாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரு பாட்டம் சிரித்தாள். அன்றைக்குப் பாக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். கண்ணாயி அவள் வீட்டுக்கு நடக்கத் தொடங்கி அதற்குள் ஆறு வருஷம் ஓடியிருந்தது. அந்த ஆறு வருஷமும் கண்ணாயிக்குக் கசப்பாக இருந்ததில்லை. யாராவது இப்போது கேட்டால், குப்பாயி வீட்டு வாசலில் நின்று பேச்சு வாங்கிய சாயங்காலங்களைத்தான் முதலில் சொல்லுவாள்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். மலர் பெரியவளாகி, மேல்தெருவிலிருந்து கீழ்த்தெருவுக்கே, குப்பாயியின் மகன் விஜயகுமாருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். ஊரில் கழலை என்கிற பேச்சே அற்றுப் போனது. அந்த நேரத்தில்தான், போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கண்ணாயியின் நெல்லிக்காய் பெரிதாகத் தொடங்கியது.

முதலில் அவளே நம்பவில்லை. குளிக்கும்போது தொட்டுப் பார்ப்பாள். இத்தனை வருஷம் மெத்தென்று இருந்தது கல்லாக இறுகியிருந்தது. எலுமிச்சம்பழ அளவு ஆனது. நாக்கை நீட்டினால் முன்போல லேசாக ஏறவில்லை. பயத்தைவிட அவளுக்கு வெட்கம்தான் அதிகமாக இருந்தது. ஊருக்கெல்லாம் கழுத்தைக் காட்டி உப்புச் சொன்னவள். இருபது வருஷமாக அதே பாக்கெட் உப்பைத் தின்றவள். அவள் கழுத்தே வீங்கினால், உப்புக்காரி சொன்னது பொய் என்றுதானே ஊர் சொல்லும்? சொன்னால் போகட்டும். பழையபடி அலசின கல்லுப்புக்குப் போய்விட்டால்?

ஒரு மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். மலைக் குளிரில் மப்ளரை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எட்டு மாதம் அப்படியே ஓட்டினாள். மாரியம்மா, இதைக் கரைச்சிரு தாயே என்று வெள்ளிக்கிழமை தோறும் வேண்டிக்கொண்டாள். கடைசியில் பால்வாடியில் ஒரு பிள்ளை மடியில் ஏறி மப்ளரைப் பிடித்து இழுத்துவிட்டது. டீச்சர் லூர்துசெல்வி அதைப் பார்த்துவிட்டார். ஏற்காட்டிலிருந்து தினமும் வண்டியில் வருகிற டீச்சர். பதறவில்லை, திட்டவுமில்லை. மறுநாளே லீவு போட்டுவிட்டு, கண்ணாயியையும் குழந்தைவேலையும் பஸ்ஸில் ஏற்றி, இருபது வளைவும் இறங்கிச் சேலத்துக்குக் கூட்டிப் போனார்.

அங்கே ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, நாக்கை நீட்டுங்கம்மா என்றார். முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு ஒருவர் அவளிடம் அதைக் கேட்டார். பலாமரத்தடி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கண்ணாயி கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினாள். உருண்டை கொஞ்சமாக அசைந்து மேலே வந்தது. டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு அதிலேயே பாதி தெரிந்துவிட்டது.

தைப் பொங்கல் கழிந்து ஆபரேஷன் நடந்தது. உருண்டையோடு நாக்கடி எலும்பின் நடுத்துண்டையும் சேர்த்து எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து, அது புற்றுநோய் என்று சொன்னார்கள். மிளகு ஏணியில் முப்பதடி உயரம் ஏறுகிற குழந்தைவேல் ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். கழுத்தின் அடியில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது. தாயின் வயிற்றில் பிள்ளை உருவாகும்போது அது நாக்கின் அடியில் பிறந்து, மெல்ல இறங்கி, கழுத்துக்கு வந்து சேரும். வந்த பாதை அப்புறம் அடைந்துவிடும். ஒரு சிலருக்கு மட்டும் பாதை அடையாமல், அந்தச் சுரப்பியின் ஒரு துணுக்கு வழியிலேயே தங்கிவிடும். கண்ணாயிக்கு அப்படித் தங்கிய துணுக்கில்தான் இந்த நோய் பிடித்திருக்கிறது. அது மெல்ல வளர்கிற ஜாதி. பக்கத்தில் ஒரு நெறிக்கட்டிக்கும் போயிருப்பதால் சுரப்பியையும் எடுத்துவிட்டு, ஒரு மருந்து கொடுத்தால் பெரும்பாலும் பயமில்லை என்றார்.

கண்ணாயி கேட்டது ஒன்றே ஒன்று. உப்பில் சத்துக் குறைந்ததால்தானே இது சின்ன வயதில் வந்தது?

இல்லை என்றார் டாக்டரம்மா. இது பிறக்கும்போதே வந்தது. உப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் ஊரில் சொன்னது நல்ல காரியம், அதை விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கண்ணாயி வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தாள். பாதி மலை ஏறியதும் கணவரிடம் சொன்னாள்.

"ஏனுங்க, பஸ் அடிவாரம் போய்ச் சேந்துருச்சுங்க. ஒரே ஒரு ஆளு மட்டும் நடுவளைவுல எறங்கி, அங்கேயே குடிசை போட்டுக்கிட்டான். அவ்வளவுதான்."

குழந்தைவேல் அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தார்.

ஆனால் அவள் மனதில் ஒரு முள் இருந்தது. இருபது வருஷம் வாசல் வாசலாகக் காட்டிய கழுத்து தப்பான சாட்சி. உப்புச் சொன்னது சரி, கழுத்தைக் காட்டியது தப்பு. அதை ஊரில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். சொன்னால் உப்பையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்களே என்று தயங்கினாள். தொண்டையும் புண்ணாக இருந்தது. பேசினால் காற்றுதான் வந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மாசியில் சுரப்பியையும் எடுத்தார்கள். அடுத்தது அந்த மருந்து. மருந்தே அயோடின்தான், ஆனால் நோயைச் சுட்டுவிடுகிற அயோடின். அதைக் கொடுப்பதற்கு முன்னால் உடம்பை அயோடினுக்குப் பசிக்க விட வேண்டும். நல்ல பசியில் இருந்தால் மீதமிருக்கிற கெட்ட துணுக்குகள் ஓடிவந்து மருந்தைத் தின்னும், தின்றதும் சாகும். அதனால் மூன்று வாரத்துக்குப் பாக்கெட் உப்பு கூடாது, கடல் மீன் கூடாது, பால், முட்டை கூடாது. சுரப்பிக்குப் பதிலான மாத்திரையையும் அதுவரை கொடுக்க மாட்டார்கள். குழந்தைவேல் சேலத்தில் அலைந்து, மாட்டுக்கு வைக்கிற சத்துக் கலக்காத கல்லுப்பை ஒரு பையில் வாங்கி வந்தார். தன் வீட்டு அடுப்பில் அந்த உப்பைப் பார்த்தபோது கண்ணாயி தனக்குள் சிரித்துக்கொண்டாள். மாரியம்மா, நீ நொம்பக் குறும்புக்காரி என்று படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

பார்க்க வந்த பெண்களிடம் அவளால் அதிகம் பேச முடியவில்லை. பாக்கெட் உப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், இந்த உப்புதான், என்று மட்டும் சொன்னாள். எதனால், எத்தனை நாளைக்கு என்றெல்லாம் சொல்லத் தொண்டையில் சக்தி இல்லை.

மாத்திரை இல்லாத உடம்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. முகம் உப்பிப் போனது. பங்குனி வெயிலிலும் குளிரெடுத்தது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் உட்கார வேண்டும். வாசலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, எதிர்மேட்டில் காப்பிப் பூ பூத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே பகல் முழுவதும் இருப்பாள். மழை பெய்த எட்டாம் நாள் தோட்டம் மொத்தமும் வெள்ளையாகிவிட்டது. அந்த வாசத்தில் பழைய நினைவுகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். பிள்ளைகள் காப்பிப் பூவைக் காதில் செருகிக்கொண்டு பால்வாடிக்கு வந்த காலைகள். அவர்களை வரிசையாக உட்காரவைத்துச் சாமி பாட்டுச் சொல்லிக்கொடுத்தது. மலர் மட்டும் எப்போதும் ஒரு வரி முந்திப் பாடுவாள். அவளுக்கு இப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

அப்படி இருந்த ஒரு நாள் லூர்துசெல்வி டீச்சர் வந்தார். முகம் சரியாக இல்லை. வருஷா வருஷம் செய்கிறபடி வீடு வீடாக உப்பில் சொட்டு விட்டுப் பார்த்தாராம். கீழ்த்தெருவில் பதினோரு வீடு. ஒரு வீட்டு உப்பும் நீலமாகவில்லை. எல்லா வீட்டிலும் மாட்டு உப்பு. கேட்டால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

எட்டு மாதம் மப்ளருக்குள் மறைத்துக் கண்ணாயி பயந்தது இதுதான். உப்புக்காரி பொய் சொல்லிவிட்டாள் என்று ஊர் தீர்த்துவிட்டது. பால்வாடிப் பிள்ளைகளுக்காவது மத்தியானச் சோற்றில் சத்து உப்பு போகும். மலருக்கு? அவள் வயிற்றில் இருப்பதற்கு?

குழந்தைவேல் தடுத்ததையும் கேட்காமல் கம்பை ஊன்றிக்கொண்டு கிளம்பினாள். எப்போதும் பத்து நிமிஷத்தில் போகிற கீழ்த்தெருவுக்கு அன்றைக்கு நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்து போனாள். குப்பாயி வீட்டு வாசலில் மலர்தான் முதலில் ஓடி வந்து கையைப் பிடித்தாள். இந்த உடம்போடு ஏன்க்கா வந்தீங்க என்று கண் கலங்கினாள். உப்பைப் பற்றிக் கண்ணாயி கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை கீழ்த்தெருப் பெண்கள் அத்தனை பேரும் மாரியம்மன் கோயிலில் கூடினார்களாம். அவரவர் வீட்டுப் பாக்கெட் உப்பைக் கொண்டுவந்து அம்மன் முன்னால் வைத்தார்களாம். கண்ணாயி தொண்டை ஆறுகிற வரைக்கும் அவள் தின்னாத உப்பை நாங்களும் தின்ன மாட்டோம், அவள் தின்கிற உப்பைத்தான் தின்போம், என்று நேர்ந்துகொண்டார்களாம். அவளுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாள், யாரும் சொல்லக் கூடாது என்று குப்பாயி கட்டளை போட்டிருந்தாளாம். முதல் பாக்கெட்டை வைத்ததும் குப்பாயிதானாம்.

கண்ணாயி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோபித்துக்கொண்டு விட்டிருந்தால் பேசிச் சரிசெய்துவிடலாம். ஆறு வருஷம் பேசியவள்தானே. இது அன்பினால் விட்ட உப்பு. சாமி பேரில் விட்ட உப்பு. அதைத் திரும்ப எடு என்று எப்படிச் சொல்வது? நேர்த்தியை முறிப்பது அவள் வம்சத்திலேயே இல்லாத காரியம்.

பின்வாசலில் குப்பாயி பாறைமேல் மிளகைப் பரப்பிக்கொண்டிருந்தாள். கண்ணாயி எழுந்து அங்கே போனாள். குப்பாயி நிமிர்ந்து பார்த்துவிட்டு, யார் சொன்னது என்று மருமகளை முறைத்தாள்.

கண்ணாயி முதலில் தன் தப்பைச் சொன்னாள். காற்றுக் குரலில், விட்டு விட்டுச் சொன்னாள். தன் கழுத்து உப்பால் வந்ததில்லை, பிறக்கும்போதே வந்தது, தெரியாமல் இத்தனை வருஷம் அதைக் காட்டிப் பேசிவிட்டேன் என்றாள். பாக்கெட் உப்பு ஆகாது என்பதும் மருந்துக்காக மூன்று வாரம்தான், தனக்கு மட்டும்தான், அதையும் ஒழுங்காகச் சொல்லாமல் விட்டது தன் குற்றம் என்றாள். மற்ற எல்லோருக்கும் அந்த உப்புத்தான் வேண்டும், மலருக்குக் கட்டாயம் வேண்டும்.

குப்பாயி கை ஓயாமல் மிளகைப் பரப்பிக்கொண்டே கேட்டாள்.

"எல்லாஞ் சரி கண்ணு. சாமிகிட்டச் சொன்ன வார்த்தையை என்ன பண்றது? எங்க ஊடு மொத்தமும் சேந்து நேந்தாச்சு."

கண்ணாயி மாரியம்மனைத்தான் கூப்பிட்டாள் மனதுக்குள். ஏதோ ஒரு பேச்சு வந்தது.

"ஊடு மொத்தமும் சேந்துதானுங்க அத்தை நேந்தீங்க. வயித்துல இருக்கறதைக் கேட்டீங்களா? அது நேந்துக்கலையே."

குப்பாயியின் கை நின்றது. மலர் கதவோரம் நின்று வயிற்றைத் தொட்டுக்கொண்டாள்.

"இத்தனை நோவுலயும் வந்து வக்கீலாட்டம் பேசறா பாரு," என்றாள் குப்பாயி. அப்புறம் திரும்பாமலே, "மலரு, நாளையிலிருந்து உன் சட்டி தனி," என்றாள்.

அதோடு விடவில்லை அவள். மறுநாள் காலையிலேயே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பதினோரு வீட்டுக்கும் போனாள். வாசலில் உட்கார்ந்திருந்த கண்ணாயிக்குக் கீழேயிருந்து அந்தக் குரல் கேட்டது. பிள்ளை பெறுகிற வயசுக்காரிகளும் பிள்ளைகளும் பாக்கெட் உப்புத்தான் தின்ன வேண்டும், அவர்கள் பங்கு நேர்த்தியைக் கிழவிகள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். கேள்வி கேட்டவர்களுக்குக் கிடைத்த வசவும் காற்றில் வந்தது. கண்ணாயி ஒரு வீட்டுக்கு ஆறு வருஷம் நடந்தாள். குப்பாயி பதினோரு வீட்டை ஒரு காலையில் முடித்துவிட்டாள். கண்ணாயிக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. சொட்டு மருந்துக் குப்பியைக் குப்பாயியிடம் கொடுத்திருந்தால் மலை முழுவதையும் பத்து நாளில் நீலமாக்கியிருப்பாள்.

சித்திரை பிறந்ததும் கண்ணாயியைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்து மருந்தைக் கொடுத்தார்கள். மூன்று நாள் யாரும் உள்ளே வரக் கூடாது. தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்கள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், எச்சில் ஊறுவதற்கு எலுமிச்சைத் துண்டைச் சப்ப வேண்டும். வாழ்க்கையில் அவள் அத்தனை நேரம் தனியாக இருந்ததில்லை. சாமி பெயரைச் சொல்லிப் பார்த்தாள். அது முடிந்ததும் பிள்ளைகள் பெயரைச் சொல்லத் தொடங்கினாள். முதல் வருஷம் சேர்ந்த பன்னிரண்டு பேர், இரண்டாம் வருஷம் ஒன்பது பேர், மூன்றாம் வருஷம் பதினான்கு. யார் ஊரை விட்டுப் போனது, யார் டிரைவரானது, யாருக்குச் சோற்றில் கருவேப்பிலை பிடிக்காது, எவன் தூங்கும்போது அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே தூங்குவான் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தாள். இருபத்து மூன்று வருஷத்துப் பிள்ளைகளையும் கூப்பிட்டு முடிப்பதற்குள் மூன்று நாள் போய்விட்டது.

ஊர் திரும்பிய பிறகும் கொஞ்ச நாளைக்குப் பிள்ளைகளிடமும் பிள்ளைத்தாய்ச்சிகளிடமும் நெருங்கக் கூடாது என்றார்கள். மலர் எதிர்மேட்டில் நின்று கையை ஆட்டிவிட்டுப் போவாள். மாத்திரை தொடங்கியதும் கண்ணாயிக்கு உடம்பு திரும்பியது. குரலும் வந்தது, முன்னைவிடக் கொஞ்சம் தடித்து. ஆடியில் மலருக்குப் பெண் பிள்ளை பிறந்தது. மூன்று கிலோ. அழுகையில் தாயைத் தோற்கடித்துவிட்டது. கண்ணாயி மடியில் வாங்கி, நெற்றியில் திருநீறு வைத்து, கண்ணைப் பார்த்தாள். பிள்ளை திருப்பிப் பார்த்தது. தாயே, போதும் என்று சொல்லிக்கொண்டாள்.

மற்ற கிழவிகள் ஒவ்வொருவராக, கண்ணாயி நடமாடுகிறாளே, ஆறிவிட்டது என்றுதானே அர்த்தம் என்று நேர்த்தியை முடித்துக்கொண்டார்கள். குப்பாயி மட்டும் விடவில்லை. மகனும் மருமகளும் பாக்கெட் உப்புப் போட்டுத் தின்ன, அவள் தன் களியில் மண் நறநறக்கிற மாட்டு உப்பைப் போட்டுத் தின்றாள். தின்னும்போதெல்லாம் அந்த உப்பைத் திட்டினாள். கண்ணாயி எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். தொண்டை ஆறியாச்சுங்க அத்தை, விட்டுடுங்க என்றாள். நீ சொல்லாதே, டாக்டர் சொல்லட்டும் என்றுவிட்டாள் குப்பாயி.

புரட்டாசியில் பரிசோதனைக்குப் போனார்கள். படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத்தான் பேசினார். கண்ணாயி தயங்கித் தயங்கிக் கேட்டாள், ஆறிடுச்சுன்னு சொல்லலாமுங்களா என்று. டாக்டரம்மா யோசித்தார். படத்தில் இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆறு மாதம் கழித்து வந்து காட்டுங்கள், அப்புறம் வருஷா வருஷம் வாருங்கள் என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வரவில்லை.

பஸ் ஏறியதிலிருந்து கண்ணாயிக்கு அதுதான் கவலை. தன் உடம்பைப் பற்றிய கவலைகூட இல்லை. குப்பாயியிடம் ஆறிவிட்டது என்று சொன்னால் அது பொய். சாமி பேரில் இருக்கிற நேர்த்தியைப் பொய் சொல்லி முடித்து வைக்க முடியாது. உள்ளபடி சொன்னால், வருஷா வருஷம் இப்போதைக்கு இப்போதைக்கு என்றே வரும். அறுபத்தைந்து வயதுக்காரி ஆயுசு முழுக்க மாட்டு உப்பைத் தின்றுகொண்டிருப்பாள். ஒரு தடவை தப்பான சாட்சி சொன்னது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கீழ்த்தெருவுக்குப் போனாள். குப்பாயி அடுப்பு முன்னால் உட்கார்ந்து களி கிண்டிக்கொண்டிருந்தாள். மலர் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாயி டாக்டரம்மா சொன்னதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

குப்பாயி துடுப்பை நிறுத்திவிட்டு அதை ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இப்போதைக்கு ஒண்ணும் தெரியல.

"அவங்க படிச்சவங்க. அவங்களே அவ்வளவுதான் சொல்ல முடியும்னா, நான் எதுக்கு அதுக்கு மேல கேக்கறது?" என்றாள். "மாரியம்மாகிட்டயும் அதையேதான் சொல்லப் போறேன். இப்போதைக்குத் தின்னுக்கறேன் தாயே, ஆறு மாசம் கழிச்சு அவங்க வேற மாதிரி ஏதாச்சும் சொன்னா, மறுபடி விட்டுக்கறேன்னு."

அப்படிச் சொல்லிவிட்டு மருமகளிடம் கையை நீட்டி, உன் உப்பு டப்பாவை எடு என்றாள். மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்துக் களியில் போட்டாள். துடுப்பில் கொஞ்சம் வழித்து ஊதி வாயில் வைத்தவள், கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் அதை மென்றாள். கண்ணாயி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குப்பாயி கண்ணைத் திறந்ததும், கண்ணாயிக்கும் ஓர் உருண்டை உருட்டித் தட்டில் வைத்தாள்.